பிக்கப் வண்டிக்கு எந்த எண்ணெய்?

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க் குழுவினர் கேட்டு எழுதியபோது, சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ எழுதும் தகுதி எனக்கு இல்லை என்று மறுமொழி விடுத்தேன். ‘தெரிந்ததை எழுதுங்கள்’ என்று மீண்டும் எழுதினார்கள். எனக்குத் தெரிந்தது எண்ணெய். செட்டிகுளத்தில் வயலும் தோட்டமும் செய்பவன் யான். உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், சிறு லொறி, பிக்கப் என ஏதோ ஒன்றின் எண்ணெய்க் கறை கையிற் படாத நாள்கள் என் வாழ்வில் மிகச் சிலவே. கல்லூரியில் இரசாயனம் கற்பித்த ஆசான் ‘இதெல்லாம் உனக்கு எதற்கு உதவப் போகிறது?’ என்று என்னைக் கேட்டதுண்டு. அதற்குரிய விடையாக இக்கட்டுரையைக் கொள்க.

இக்கட்டுரை எழுதத் தூண்டியவன் என் பெறாமகன். 2009 இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்தவன், முகாமை விட்டு வெளியேறிய பின்னர் ஊருக்குத் திரும்பாது இங்கேயே தங்கி, கூலிக்கு வண்டியோட்டி, ஈற்றில் லீசிங் முறையில் ஒரு பழைய பெற்றோல் பிக்கப்பைத் தனக்கென வாங்கினான். யப்பானில் ஓடிக் களைத்து இங்கு வந்திறங்கிய சிறு வண்டி அது. விடியுமுன் தோட்டங்களிலே கத்தரியும் பயற்றங்காயும் ஏற்றி வவுனியாச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும், திரும்புகாலில் பசளை மூடை, சீமெந்து என அகப்பட்டதை ஏற்றி வருவதும் அவன் தொழில். மாதம் முடியத் தவணைப் பணம் கட்டவேண்டும். கட்டத் தவறின் வண்டி போய்விடும்.

ஒருநாள் அவன் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்டேன். வண்டி வாங்கிய நாள் முதலாக அவன் நிரப்பியது ஒக்டேன் 95 ரகப் பெற்றோல் மட்டுமே. ஏன் என்றேன். ‘பெரியப்பா, விலை கூடினது எஞ்சினுக்கு நல்லதுதானே? பிள்ளைக்கு நெஸ்டமோல்ற் குடுக்கிற மாதிரி’ என்றான். அதற்குமேல், வண்டி பாரத்தோடு போகும்போது ‘டிக் டிக்’ என்று தட்டுகிறது என்றும், 95 அடித்தால் அது குறையும் என்று ஒருவர் சொன்னார் என்றும், ஆனால் குறையவில்லை என்றும் கூறினான்.

இதன்கண் எவ்வளவு பணம் அடங்கியுள்ளது என்று பார்ப்போம். 2021 டிசம்பரில் ஒக்டேன் 92 ஒரு லீற்றர் 177 ரூபா, ஒக்டேன் 95 ஒரு லீற்றர் 207 ரூபா. வேறுபாடு 30 ரூபா. நாடு நெருக்கடியில் வீழ்ந்த 2022 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆந் தேதி விலைகள் உயர்ந்தபோது 92 ரகம் 470 ரூபாவும், 95 ரகம் 550 ரூபாவும் ஆயின. வேறுபாடு 80 ரூபா. நாற்பது லீற்றர் கொள்ளும் தாங்கியை ஒருமுறை நிரப்பினால் முன்னைய விலையில் 1,200 ரூபாவும், பின்னைய விலையில் 3,200 ரூபாவும் மேலதிகமாகச் செல்லும். அதன்பின் விலைகள் பலமுறை ஏறியும் இறங்கியும் உள்ளன; ஆயினும் இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மூடப்படவில்லை. வாரத்துக்கு இரண்டு தாங்கி நிரப்புவோன் ஒருவன் மாதத்துக்கு எட்டு முறை அப்பள்ளத்தைத் தாண்டவேண்டும். தவணைப் பணத்தில் ஒரு பகுதியே அதற்குள் வீழ்ந்துவிடும் அன்றோ?

அப்பணத்துக்கு அவன் பெற்றது யாது? இதனை விளங்கிக்கொள்ள, இயந்திரத்தினுள்ளே நடப்பதைச் சிறிது காணவேண்டும்.

பெற்றோல் இயந்திரத்தின் உருளைக்குள் பெற்றோலாவியும் காற்றும் கலந்து புகுகின்றன. முசலம் மேலெழுந்து அக்கலவையை நெருக்குகிறது. நெருக்கிய பின் பிளக் ஒரு பொறியைத் தர, கலவை எரிந்து விரிந்து முசலத்தைக் கீழே தள்ளுகிறது. நெருக்கு முன் இருந்த கனவளவை நெருக்கிய பின் உள்ள கனவளவால் வகுக்க வருவது நெருக்கல் விகிதம். இவ்விகிதம் உயர உயர, அதே எண்ணெயிலிருந்து பெறும் வேலையும் உயரும். ஏட்டுக் கணக்கின்படி விகிதம் 7 ஆயின் வெப்பத்தில் 54 சதவீதத்தையும், 10 ஆயின் 60 சதவீதத்தையும் வேலையாக மாற்றலாம். உண்மை இயந்திரங்கள் இக்கணக்கை ஒருபோதும் எட்டுவதில்லை. ஆனால் ஏற்றம் எத்திசையில் என்பது மெய்.

அப்படியாயின் விகிதத்தை 20 ஆக்கிவிடலாமே எனின், அங்கேதான் இடையூறு. நெருக்க நெருக்கக் கலவை சூடேறும். வன்னியிற் சேனைக்குத் தீ வைத்தோர் இதனை எளிதில் உணர்வர். காய்ந்த பற்றையின் ஒரு கரையில் தீ மூட்டினால், அது ஒழுங்காகப் படர்ந்து மறு கரைக்குப் போகும். பக்கத்தில் நின்று காவல் செய்யலாம். ஆனால் கடும் வெயிலில், சருகு முழுதும் கொதித்து நிற்கும் வேளையில், தீ வந்து சேருமுன்னரே எதிர்ப்பக்கச் சருகு தானாகப் பற்றிக்கொண்டால் என்னாகும்? நாற்புறமும் ஒருங்கே வெடித்தெழும். உருளைக்குள்ளும் அதுவே. பிளக்கிலிருந்து புறப்பட்ட சுவாலை வந்து சேருமுன், மூலையிலுள்ள கலவை சூட்டாலும் நெருக்கலாலும் தானே பற்றி ஒரேயடியாக எரிந்து, அமுக்க அலையை எழுப்பி உலோகத்தை மோதும். அம்மோதல் ஓசையே சாரதிகள் ‘நொக்’ என்று சொல்லும் தட்டொலி. சிறிதாயின் ஓசையோடு போம். நெடுநாள் நீடித்தால் முசலத்தின் தலை அரிக்கப்படும், ‘கஸ்கற்’ போகும், பெயாரிங் தேயும்.

இத்தட்டொலிக்கு எண்ணெய் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை அளக்கும் கோலே ஒக்டேன் எண். 1920களில் அமெரிக்காவில் கிரகம் எட்கர் என்னும் இரசாயனர் இக்கோலை வகுத்தார். மிக நன்றாகத் தாக்குப்பிடிக்கும் ஐசோ-ஒக்டேன் என்னும் ஐதரோகாபனுக்கு 100 என்றும், சற்றும் தாக்குப்பிடிக்காத எப்டேனுக்கு 0 என்றும் எண் இட்டார். அந்நாளில் அவர் எப்டேனைப் பெற்றது ஒருவகைப் பைன் மரத்தின் பிசினிலிருந்து என்பது சுவையான செய்தி. 92 என்னும் பெற்றோல், சோதனை இயந்திரத்தில் 92 பங்கு ஐசோ-ஒக்டேனும் 8 பங்கு எப்டேனும் சேர்ந்த கலவையைப் போல நடந்துகொள்ளும் என்பதே அதன் பொருள். வேறொன்றுமில்லை. அதற்குள் 92 என்று எண்ணத்தக்க ஒரு பொருளும் இல்லை. ஒரு லீற்றரை எரித்தால் வரும் வெப்பம் 92 இலும் 95 இலும் ஏறத்தாழ ஒன்றே. 95 என்பது கூடுதல் சத்து அன்று; கூடுதற் பொறுமை. பொறுமையைச் சோதிக்காத இயந்திரத்துக்கு அதனை விலை கொடுத்து வாங்குவதால் யாது பயன்?

என் தலைமுறையினர்க்கு இதனை விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1990 முதல் 2002 வரை வடக்கிலே பெற்றோல் தடைப்பட்ட பொருளாயிருந்தது. யாழ்ப்பாணத்திலும் பின்னர் வன்னியிலும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை நம் பழைய மாணவர் பலர் கண்டுள்ளனர், ஓட்டியும் உள்ளனர். மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்ததன்று. சிறு போத்தலிலே நான்கைந்து கரண்டி பெற்றோலைப் பொன்போற் காத்துவைத்து, காலையில் காபரேற்றருக்குள் சில துளி விட்டு, உதைத்து உதைத்து இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். குளிர்ந்த மண்ணெண்ணெய் போதிய ஆவியைத் தராது. அதனாலேயே தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டியதாயிற்று. வெண்புகையும் கண்ணெரிவுமாக வண்டி நகரும். பொறி தட்டும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி வைக்காவிட்டால் தட்டொலி காதைத் துளைக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கிவிடும். ஆகையால் ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். ஒயிலுக்கு எங்கே போவது?

அக்காலத்தில் ஒன்று கவனித்தோம். புதிய யப்பானியக் கார்கள் மண்ணெண்ணெயைக் கண்டு முரண்டுபிடிக்க, பாட்டன் காலத்து ஒஸ்ரின் ஏ-40 கார் பொறுமையோடு இழுத்துச் சென்றது. கூடுதல் விலைக்கு விற்கப்பட்டதும் கிழவண்டிதான். ‘பழைய இரும்பின் உறுதி’ என்றனர் பலர். இரும்பில் அன்று, நெருக்கல் விகிதத்தில் இருந்தது அதன் இரகசியம். ஒஸ்ரின் ஏ-40 இன் விகிதம் 7 ஐ ஒட்டியது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலை எண்ணியே அவ்வாறு அமைத்தனர். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. தாழ்ந்த நெருக்கலே அதற்கு ஏற்றது. இவ்வுண்மையை அறிந்தே பேர்குசன் நிறுவனத்தார் 1949 முதல் தம் உழவு இயந்திரத்தில் ஒரு வகையை மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடுமாறு செய்தனர். அதிலும் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் மாற்றவேண்டும். நம் தோட்டங்களிலே கிணற்றடியில் வைத்திறைத்த மண்ணெண்ணெய் இயந்திரமும் அவ்வாறே. ஆகவே, ‘எந்த இயந்திரத்துக்கு எந்த எண்ணெய்’ என்னும் கேள்வியை நூலிற் கற்காமல் தோட்டத்தில் கற்றவர் நாம்.

மறுபுறத்தில், தாழ்ந்த பெற்றோலை உயர்ந்ததாகக் காட்ட உலகம் செய்த ஒரு பிழையையும் இங்கே கூறியாகவேண்டும். 1921 இல் தோமஸ் மிட்ஜ்லி என்பார் ஈயச் சேர்வை ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டொலி நீங்குவதைக் கண்டார். மலிவான வழி, உலகெங்கும் பரவிற்று. புகையோடு வெளிவந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது நன்கு அறியப்பட்ட பின்னும் அதனை விட்டொழிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இலங்கை 2002 இல் அதனைக் கைவிட்டது. கடைசியாகக் கைவிட்ட நாடு அல்சீரியா, ஆண்டு 2021. இன்று ஒக்டேன் எண்ணை உயர்த்துவது சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை. மூலக்கூறுகளை மாற்றியமைத்தும் கலந்தும் உயர்த்துகின்றனர்; அதற்குச் செலவாகும்; 95 இன் விலை கூடியதன் காரணங்களுள் அது ஒன்று.

இனிப் பெறாமகனின் வண்டிக்கு வருவோம். யப்பானில் விற்கும் சாதாரண பெற்றோலுக்கு அந்நாட்டு நியமம் விதிப்பது குறைந்தது 89. உயர்தரத்துக்கு விதிப்பது குறைந்தது 96. அவனுடைய சிறு வண்டி யப்பானில் சாதாரண பெற்றோலுக்கெனச் செய்யப்பட்டது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் அவ்வாறே எழுதியிருந்தது. எழுத்து யப்பானிய எழுத்தாகையால் அவன் அதனை வாசித்திலன். பிறந்த நாட்டிலேயே 89 ஐக் குடித்து வளர்ந்த வண்டிக்கு இங்கே 92 கொடுத்தால் அது விருந்து. அதற்கு மேல் 95 எதற்கு?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லா நாடும் ஒரே கோலால் அளப்பதில்லை. அமெரிக்காவில் பம்பிலே 87 என்று எழுதியிருக்கும். அஃது இருவகை அளவைகளின் சராசரி. நம் கோலால் அளந்தால் ஏறத்தாழ 91 அல்லது 92 ஆகும். அமெரிக்காவுக்கென அச்சிட்ட கையேட்டில் 91 வேண்டும் என்று கண்டு, ‘நம்மிடம் 92 உண்டே’ என்று மகிழ்ந்தால் ஏமாற்றமே. அந்த 91 நம் கோலில் 95 ஐ அண்மித்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் வழங்கும் மோட்டார் அறிவுரைகளை இந்த நோக்கோடு கேட்பது நன்று.

ஆயின் தட்டொலி ஏன் நீங்கவில்லை? அவனோடு ஒருநாள் பக்கத்தில் இருந்து சென்றேன். காரணம் பத்து நிமிடத்தில் விளங்கிற்று. பாரம் ஏற்றிய வண்டியை அவன் மிகக் குறைந்த வேகத்திலும் மேல் கியரிலேயே வைத்து, பெடலை அடியோடு மிதித்து இழுத்தான். கியரைக் குறைத்தால் பெற்றோல் கூடச் செலவாகும் என்பது அவன் எண்ணம். எஞ்சின் மெல்லச் சுழல, உருளைக்குள் கலவை நிறையப் புக, எரிவதற்கு முன் சூட்டில் கிடக்கும் நேரமும் நீள, தட்டொலி எழத்தான் செய்யும். ஒரு கியர் குறைத்துப் பார் என்றேன். குறைத்தான், முக்காற் பங்கு ஓசை மறைந்தது. எஞ்சிய காற்பங்குக்கு வவுனியாவில் ஒரு கராஜில் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்டோம்: உள்ளே கரி படிந்திருந்தது, பிளக்கும் அந்த வண்டிக்கு உரியதன்று. கரி படிந்தால் உருளையின் இடம் சுருங்கி நெருக்கல் விகிதம் தானே உயரும்; செந்தணலாய் நிற்கும் கரித்துணுக்கு பொறிக்கு முன்னரே தீ மூட்டவும் கூடும். சுத்தம் செய்து உரிய பிளக்கைப் போட்டபின் 92 இலேயே வண்டி அமைதியாயிற்று.

அவனுக்கு ஐயம் தீரவில்லை. ‘ஓட்டம் குறையுமே, பெரியப்பா?’ என்றான். சரி, அளந்து பார்ப்போம் என்று ஒரு கொப்பியை எடுத்தோம். தாங்கியை வாய்மட்டும் நிரப்பி, ஓடிய கிலோமீற்றரைக் குறித்து, மீண்டும் வாய்மட்டும் நிரப்பும்போது சென்ற லீற்றரால் வகுப்பது முறை. ஒரு தாங்கி 92, ஒரு தாங்கி 95 என மாறி மாறி இரண்டு மாதம் எழுதினோம். ஈற்றில் நாம் கண்ட வேறுபாடு, பாரம் கூடிய வாரத்துக்கும் குறைந்த வாரத்துக்கும் இடையிலே கண்ட வேறுபாட்டிலும் சிறிது. எது எந்தத் தாங்கி என்பதை மறைத்துவிட்டுக் கொப்பியை அவனிடம் காட்டினேன். அவனாற் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்று முதல் அவன் 92 க்கு மாறினான். வேறெந்த அறிவுரைக்கும் அவன் இவ்வளவு விரைவாய்ச் செவிசாய்த்ததை யான் அறியேன்.

இதனைப் படித்துவிட்டு, 95 என்பது வெறும் ஏமாற்று என்று யாரும் கொள்ளற்க. நெருக்கல் விகிதம் உயர்ந்த புதிய இயந்திரங்களும், ‘ரேர்போ’ பூட்டிய சிறிய இயந்திரங்களும் அதனை உண்மையாகவே வேண்டுவன. கையேட்டில் 95 என்று கட்டளையாக எழுதியிருந்தால் கீழ்ப்படிக. இக்கால வண்டிகளில் தட்டொலியைக் கேட்கும் உணரி ஒன்று உண்டு. தட்டினால் பொறி தரும் நேரத்தைத் தானே பின்தள்ளி எஞ்சினைக் காக்கும். ஆகையால் அவ்வாறான வண்டிக்கு ஒருமுறை 92 அடித்தாற் கேடில்லை. ஆனால் இழுவை சற்றுக் குறையும், செலவும் சற்றுக் கூடும். நாட்தோறும் அவ்வாறு செய்து, 80 ரூபா மிச்சம் பிடித்தேன் என்று மகிழ்வது கணக்கறியாதார் செயல்.

பெற்றோலைப் பற்றி இவ்வளவு. ஆனால் வன்னியிலே பாரம் இழுக்கும் பிக்கப்புகளிற் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். பட்டாவும் டபுள் கப்பும் டீசலில்தான் ஓடுகின்றன. இங்கே கேள்வி ஒட்டோ டீசலா, சுப்பர் டீசலா என்று மாறும், விடையும் மாறும்.

டீசல் இயந்திரத்திற் பிளக் இல்லை. காற்றை மட்டும் 15 மடங்குக்கு மேல் நெருக்கி, அது கொதிக்கும் கணத்தில் எண்ணெயைப் பீச்சினால், எண்ணெய் தானே பற்றவேண்டும். பெற்றோலுக்குக் குற்றமானது டீசலுக்குக் குணம். விரைந்து பற்றும் இயல்பை அளப்பது சீற்றேன் எண். ருடொல்ப் டீசல் 1897 இல் வெற்றிகண்ட இயந்திரம் எண்ணெயைப் பொறுத்தவரை முரடன். 1900 இல் பாரிசு நகரப் பொருட்காட்சியில் அவ்வகை இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. பழைய எல்ப் லொறியையோ மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய பிக்கப்பையோ வைத்திருப்போர் அம்முரட்டு மரபின் வாரிசுகள். அவற்றுக்கு ஒட்டோ டீசல் போதும். 2022 ஜூன் விலையில் ஒட்டோ டீசல் 460 ரூபா, சுப்பர் டீசல் 520 ரூபா. பழைய லொறிக்கு அந்த 60 ரூபாவைச் செலவிட வேண்டுவதில்லை.

புதிய வண்டிகளின் செய்தி வேறு. ‘கொமன் ரெயில்’ எனப்படும் முறையில் எண்ணெய் 1,600 பார், அதற்கு மேலும் அமுக்கப்பட்டு, மிக நுண்ணிய துளைகளால் பீச்சப்படுகிறது. அங்கே தூசுக்கும் நீருக்கும் இடமில்லை. ஆனால் இரு டீசலுக்கும் இடையிலுள்ள முதன்மையான வேறுபாடு கந்தகம். யூரோ 4 நியமம் பத்து இலட்சம் பங்கில் 50 பங்குக்கு மேல் கந்தகம் ஆகாது என்கிறது. யூரோ 5 நியமமோ 10 பங்கு என்கிறது. ஒட்டோ டீசலில் அதனிலும் பன்மடங்கு உண்டு. கந்தகம் எரிந்தால் அமிலமாகி ஒயிலைக் கெடுக்கும். புகைக்குழாயிலுள்ள ஊக்கியை நஞ்சூட்டும். கரிவடிகட்டி பூட்டிய வண்டியில் அதனை அடைக்கும். அவ்வடிகட்டியின் விலையைக் கேட்டவர், சுப்பர் டீசலின் விலையைப் பற்றிப் பின்னர் முறையிடார். ஆகவே, கரிவடிகட்டி உள்ள டபுள் கப்புக்குச் சுப்பர் டீசல் என்பது ஆடம்பரமன்று. வடிகட்டி இல்லாத கொமன் ரெயில் வண்டிக்குக் கையேடு சொல்வதைக் கேட்க. அதுவும் ஐயமாயின் ஒட்டோ டீசலே அடித்து, எண்ணெய் வடிகட்டியையும் ஒயிலையும் காலந் தவறாது மாற்றுக. அம்மாற்றத்தை ஆறு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, நட்டத்தை ஈடுசெய்யச் சுப்பர் டீசல் அடிப்போர் சிலரை அறிவேன். கந்தகத்தை முற்றும் நீக்கினால் நன்மையே என்றும் எண்ணவேண்டாம். 1990களின் தொடக்கத்திற் சுவீடன் நாட்டில் அவ்வாறு நீக்கிய டீசல் வழுவழுப்பை இழந்து பம்புகளைத் தேய்த்தது. அதன்பின்னரே வழுவழுப்புச் சேர்மானம் கலக்கும் வழக்கம் பரவிற்று.

எந்த ரகமாயினும் கலப்படம் அதனைப் பாழாக்கும். மண்ணெண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் டீசலிற் கலக்கும் ஆசை பலர்க்கு எழுந்தது. 2022 ஆகத்தில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபின் அவ்வாசைக்கு ஆதாயம் குறைந்தது. அவ்வேற்றத்தால் மீனவரும் தோட்டக்காரரும் பட்ட பாடு தனிக்கதை. அந்நெருக்கடியிற் பலர் கானிலும் பரலிலும் எண்ணெய் சேர்த்து வைத்தனர். யானும் வைத்தேன். 2022 ஜூலையில் வந்த கியூ.ஆர். பங்கீட்டு முறையில் லொறிக்கு வாரம் 50 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அம்முறை 2023 செப்டம்பரில் நீங்கியபோது என் களஞ்சிய மூலையில் ஒரு கான் பெற்றோல் மறந்து கிடந்தது. ஆண்டு கடந்த அதனைத் தோட்டத்து இயந்திரத்தில் ஊற்றினேன். மூன்று நாள் அதனைக் கழற்றிக் கழுவினேன். பெற்றோலின் இலேசான பகுதி பறந்துபோய், மீதி பிசினாகிக் காபரேற்றரை அடைத்துவிட்டது. வைத்திருந்து பழுதாகிய 95 ஐவிட நேற்று வந்த 92 மேலானது.

பெறாமகன் இப்போது லீசிங்கை முடித்துவிட்டு, அச்சிறு வண்டியை விற்று, டீசல் டபுள் கப் ஒன்று வாங்க எண்ணியுள்ளான். சென்ற வாரம் மதவாச்சிப் பக்கம் ஒன்றைப் பார்க்கப் போனோம். விற்பவர் கதவைத் திறந்து இருக்கையையும் வானொலிப் பெட்டியையும் காட்டினார். இவனோ நேரே பின்னாலே சென்று, கீழே குனிந்து, புகைக்குழாயில் கரிவடிகட்டி உண்டா என்று பார்த்தான். உண்டு. எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த தாளைக் கைபேசியிற் படம் பிடித்தான். பின் என்னைத் தனியே அழைத்து, செட்டிகுளத்துக்கும் மன்னாருக்கும் இடையில் எந்தெந்த இடத்திற் சுப்பர் டீசல் கிடைக்கும் என்று கேட்டான். அதனை விசாரித்த பின்புதான் விலை பேசுவது என்று திரும்பி வந்துவிட்டோம்.